ஓடைப்பாறையில் கேட்டது

பூம்பாறையில் செவிடு என்றால் அது சின்னச்சாமிதான். மலைப்பாதை வெட்டிய காலத்தில் பாறைக்கு வெடி வைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு ஓடிப் பதுங்குவார். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது கேட்கும் திறன் அநேகமாகப் போய்விட்டிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடமும் எதிர்மலையில் நிற்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். கூட்டம் கூடும் இடம், மேளம் அடிக்கும் இடம் என்றால் ஒதுங்கிப் போய்விடுவார். இரைச்சலில் அவருக்கு ஒன்றுமே பிடிபடாது.

நம் காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சிறு குழல் இருக்கிறது. அதற்குள் நீர். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள், வயல் நாற்று போல வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்தால் நீர் அசையும், மயிர்கள் சாயும், அந்தச் சாய்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும். வெடிச் சத்தம் புயல் மாதிரி அந்த நாற்றுகளைச் சாய்த்து ஒடித்துவிடுகிறது. ஒடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. தன் குரலையே சின்னச்சாமியால் சரியாகக் கேட்க முடியாது. அதனால்தான் கத்துகிறார்.

ஊரில் வேறு செவிடர் இல்லாததால், செவிடு என்பதற்கே அவர்தான் அளவாக இருந்தார்.

முருகம்மாள் பக்கத்து மலையூரான பூண்டியிலிருந்து மலைச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தபோது நன்றாகத்தான் கேட்டது. மகன் பொன்னுவேல் பிறந்த பிறகு ஒலிகள் மெல்ல மெல்ல விலகிப் போயின. ஒருநாள் விடிந்ததும் தெரிகிற மாற்றமாக அது இல்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவதாகத்தான் அவளுக்குப் பட்டது.

அவள் காதில் நேர்ந்தது வேறு. காற்றில் வரும் ஒலி நீருக்குள் எளிதில் போகாது. ஓடையில் தலையை முக்கிக்கொண்டு கரையில் பேசுவதைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பேச்சில் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உட்காதில் இருப்பதோ நீர். வெளியில் இருப்பதோ காற்று. இரண்டுக்கும் இடையில் ஒலியைக் கைமாற்றிக் கொடுப்பதற்காக மூன்று சிறு எலும்புகள் இருக்கின்றன. செவிப்பறை முதல் எலும்பைத் தள்ளும், அது இரண்டாவதைத் தள்ளும், அது மூன்றாவதைத் தள்ளும். மூன்றாவது எலும்பு குதிரைச் சேணத்தின் அங்கவடி போல இருக்கும். உடம்பிலுள்ள எலும்புகளில் அதுதான் மிகச் சிறியது, அரிசிமணியில் பாதி. உட்காதின் சன்னலில் பொருந்தி நின்று, நீரை உள்ளே வெளியே என்று தள்ளிக்கொண்டிருப்பது அதன் வேலை. எவ்வளவு அழகான ஏற்பாடு. அந்தச் சன்னலைச் சுற்றிச் சிலருக்கு வேண்டாத எலும்பு வளர்கிறது. மழைக்காலத்தில் கதவு ஊறிப் பருத்து நிலையில் சிக்கிக்கொள்வதைப் போல அங்கவடி இறுகிவிடுகிறது. இளம் பெண்களுக்கு இது அதிகம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேகமெடுப்பதும் உண்டு.

உள்ளே நாற்றுகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. வாசல்தான் திறக்கவில்லை.

இந்த வகைக் கோளாறில் முதலில் போவது அடித்தொண்டை ஒலிகள். கீச்சென்ற ஒலிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் மங்கும். மலைச்சாமிக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். உதட்டை அதிகம் அசைக்காமல் பேசுகிறவன். பூண்டுப் படிவயலில் ஒரு தட்டு மேலே நின்றுகொண்டு, "முருகு, அந்தக் கூடைய எடுத்தா" என்பான். அவள் குனிந்த தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருப்பாள். அதே நேரம் வரப்போரம் தொட்டிலில் பொன்னுவேல் வீறிட்டால் கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

மாமியார் இருளாயி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிள்ள சிணுங்குனா கேக்குது. புருசன் தொண்ட கிழியக் கூப்பிட்டா கேக்கல. இது என்ன காதோ, ஆளு பாத்துத் தெறக்குது."

"கேக்குதுங்க அத்தை, கவனிக்கல" என்றாள் முருகம்மாள்.

"என்னத்த முணுமுணுக்கிற? வாயத் தெறந்து சொல்லு. சின்னச்சாமி மாமனப் பாரு, செவிடுன்னா அப்படிக் கத்தணும். நீ என்னடான்னா எறும்புகிட்டச் சொல்றாப்புல சொல்ற."

இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் பெரிதாக முழங்கும். வெளி ஒலி நின்றுவிட்டது. எலும்பு வழியாக வரும் ஒலி நிற்கவில்லை. முருகம்மாள் எந்நேரமும் அந்த நிலையில் இருந்தாள். அவள் குரல் அவளுக்கு உரக்கக் கேட்டது. ஆகவே தாழ்த்திப் பேசினாள்.

காது போய்விட்டது என்று தெரிந்தால் தன்னைப் பூண்டிக்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்குள் இருந்தது. பொன்னுவேலை இவர்கள் விட மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் யார் எது சொன்னாலும் "சரிங்க" என்றாள். கேட்காததற்கும் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் ஒருநாள் வினையாக முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. மேகம் இறங்குவதைப் பார்த்த மலைச்சாமி, "மழ வரும்போல. எல்லாத்தையும் உள்ள அள்ளிரு, நான் மாட்டப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மழை கொட்டியது. கூரைக்கு மேல் விழுந்த மழையும் அவளுக்குக் கேட்கவில்லை. பூண்டு முழுதும் ஊறிப்போய், மறுவாரமே அழுகல் வாடை வந்தது.

இருளாயி திட்டித் தீர்த்தாள். மலைச்சாமி திட்டவில்லை. இதை அவன் பக்கம் சொல்லத்தான் வேண்டும். "கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான். அங்கே ஒரு சிறு ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து காது மூக்கு தொண்டை டாக்டர் வருவார் என்று பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார்.

டாக்டர் சண்முகசுந்தரி அன்றைக்கு வெளித்தாழ்வாரம் வரை உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து முடிக்க வேண்டும். கெட்டிக்காரி; கையும் வேகம். இரு கிளை உள்ள உலோகக் கம்பி ஒன்றை எடுத்தார். இசைக்கவை என்று பள்ளிக்கூடப் பாடத்தில் வருமே, அதுதான். தன் முழங்கால் முட்டியில் தட்டி, அதிர்கிற கிளைகளை முருகம்மாளின் காதோரம் பிடித்தார்.

"கேக்குதாம்மா?"

முருகம்மாள் டாக்டரின் வாயைப் பார்த்தாள். வழக்கம்போலத் தலையாட்டப் போனவள், மலைச்சாமியைப் பார்த்ததும் அழுகிய பூண்டு நினைவுக்கு வர, தயங்கி, இல்லை என்றாள்.

டாக்டர் அதே கம்பியின் அடித்தண்டைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வைத்தார். முருகம்மாளின் கண்கள் அகன்றன.

"கேக்குது. வண்டு பறக்குறாப்புல கேக்குது."

நல்ல காது என்றால் இது தலைகீழாக இருக்கும். காற்று வழி வரும் ஒலிதான் எலும்பு வழி வருவதைவிட உரத்துக் கேட்கும். அந்த மூன்று எலும்புகளும் அப்படிச் சிறப்பாக வேலை செய்கின்றன. எலும்பு வழி உரக்கவும், காற்று வழி மங்கலாகவும் கேட்டால், உள்ளே எல்லாம் சரி, வழியில்தான் அடைப்பு என்று பொருள். ஒரு கம்பியை இரண்டு இடத்தில் வைத்தே இவ்வளவும் தெரிந்துவிடும்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர் மலைச்சாமியிடம். "நரம்பு நல்லா இருக்கு. உள்காது நல்லா வேலை செய்யுது. நடுவுல ஒரு சின்ன எலும்பு இறுகிப் போச்சு. மெட்ராஸ்ல இப்ப இதுக்கு ஆபரேஷன் ஆரம்பிச்சிருக்காங்க."

"நரம்பு நல்லாருக்குன்னா கேக்கணும்ல டாக்டரம்மா?"

"கேக்குது. இப்பப் பாத்தீங்கள்ல, எலும்பு வழியாக் கேக்குது."

"அப்பக் கேக்குதுன்னுதான் சொல்றீக."

"அப்படி இல்லைங்க..." என்று டாக்டர் தொடங்கினார். வாசலில் ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறியது. தாதி அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டாள். "யோசிச்சிட்டு அடுத்த மாசம் வாங்க, விவரமாச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மலைச்சாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "நல்லாருக்குற காத எதுக்கு அறுக்கணும்?"

டாக்டர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வகைச் செவிடு உள்ளவர்களுக்கு இரைச்சலான இடத்தில் நன்றாகக் கேட்கும். வினோதம்போலத் தோன்றும், ஆனால் கணக்கு எளிது. இரைச்சலில் நாம் எல்லோருமே நம்மை அறியாமல் குரலை உயர்த்திப் பேசுகிறோம். நல்ல காதுக்கு அந்த உயர்ந்த குரலோடு இரைச்சலும் சேர்ந்து வருவதால் லாபம் ஒன்றுமில்லை. இறுகிப்போன காதோ இரைச்சலை உள்ளே விடுவதில்லை, அதிலும் அடிக்குரலான உறுமலை விடுவதே இல்லை. உயர்த்திய பேச்சு மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வந்து சேர்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பக்கத்தில் முரசு முழங்கும்போது மட்டும் கணவன் பேச்சு கேட்கிற ஒரு பெண். அவள் கணவன் என்ன செய்தான் தெரியுமா? முரசு அடிக்கத் தெரிந்த ஆளாகப் பார்த்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் பஸ் மேட்டில் முனகி ஏறியது. சன்னல் தகடுகள் எல்லாம் தடதடத்தன. மலைச்சாமிக்கு முன் இருக்கையில் முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் இருந்த ஊர்க்காரர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டார்.

"என்ன மாப்ள, வெள்ளனே கெளம்பிட்டீக, ஆஸ்பத்திரியா?"

"ஆமாண்ணே" என்று மலைச்சாமியும் கத்தினான். "இவளுக்குக் காதாம். நரம்பெல்லாம் நல்லாருக்காம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத்தான் நரம்பு தளந்து கெடக்கு."

முருகம்மாள் சட்டென்று திரும்பினாள்.

"தளராமலா இருக்கும்? வாயத் தெறக்காமப் பேசுனா அம்புட்டும் வயித்துக்குள்ளதான் போகும்."

ஊர்க்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "யோவ், காது கேக்காதுன்ன? உன்னவிட நல்லாக் கேக்குதேய்யா." சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "இப்படி ஒரு காது எனக்கும் இருந்தாத் தேவல, வேண்டாதது ஒண்ணும் விழாது" என்றாள்.

மலைச்சாமி சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முருகம்மாள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு உலகம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ காரட் விதையைப் பற்றிச் சண்டை போட்டார்கள், அது கேட்டது. ஒரு கிழவர் டிரைவரை வெரசாப் போகச் சொன்னார். அதற்கு டிரைவர் சொன்ன பதில் கேட்டது. அவள் கணவன் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஏங்க, கேக்குதுங்க. டாக்டரம்மா அந்தக் கம்பிய வச்சதுல தெறந்துருச்சு போல."

பூம்பாறையில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடுகள் மட்டும் அசைந்தன.

வீட்டுக்கு வந்ததும் இருளாயி கேட்டாள். மலைச்சாமி நடந்ததைச் சொன்னான். பஸ்ஸில் சிரித்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகம் கறுத்தது. இருளாயி மருமகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தோளைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள்.

"பஸ்ஸுல கேட்டுச்சாமுல்ல?"

"கேட்டுச்சுங்க அத்தை. இப்பத்தான்... மறுபடி அடைச்சுக்கிச்சு."

"பஸ்ஸுல கேக்கும், வீட்டுல கேக்காது. ஏலே மலைச்சாமி, அந்தப் பஸ்ஸ வீட்டுக்குள்ள கொண்டாந்து விடச் சொல்லுலே. உம் பொண்டாட்டி அப்பத்தான் சோலி பாப்பா."

அதன் பிறகு வீட்டில் அவளோடு யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. கேட்கிற ஆளிடம் எதற்குக் கத்த வேண்டும்? வேண்டுமென்றே தாழ்த்திப் பேசினார்கள். அவள் முழிக்கும்போது மலைச்சாமி தாயைப் பார்ப்பான். தாய் மகனைப் பார்ப்பாள். அவள் சொன்னது முழுவதும் பொய் என்று ஒரு மாதத்துக்குள் முடிவாயிற்று. ஊர்க்கூட்டம் கூட்டும்படி இருளாயிதான் போய்ச் சொன்னாள்.

குடும்பத் தகராறு என்றால் அந்த ஊரில் கூட்டம் நடப்பது ஓடைப்பாறையில். ஓடை அந்த இடத்தில் மூன்று ஆள் உயரத்திலிருந்து விழுகிறது. அதன் பக்கத்தில் நின்று பேசினால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. வீட்டுச் சங்கதி வழியில் போகிறவர் காதில் விழக் கூடாது என்று யாரோ யோசித்து ஏற்படுத்திய வழக்கம். யோசித்தவர் நல்ல மனசுக்காரர்தான். விழும் நீர் எல்லா வகை ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து வீசுகிறது. பேச்சு அதில் கரைந்துபோகும். கூட்டத்தில் இருப்பவர்கள் நெருங்கி உட்கார்ந்து, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கத்திப் பேசுவார்கள்.

ஐப்பசி மாதம். ஓடையில் நீர் பெருகி விழுந்தது. பங்குனியில் கூடியிருந்தால் நூல் போலத்தான் ஒழுகியிருக்கும்.

ஊர்ப்பெரியவர் அழகுமலை நடுவில் உட்கார்ந்திருந்தார். இருபுறமும் ஊரார் சிலர். பூண்டியிலிருந்து முருகம்மாளின் அண்ணன் வந்திருந்தான். செவிடு என்று தீர்மானித்துவிட்டால் மகனைப் பிரிய வேண்டும் என்பதுதான் அவள் மனசில் ஓடியது. என்ன கேட்டாலும் உதட்டைப் பார்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று அழகுமலையின் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"ஏத்தா முருகம்மா, நான் பேசுறது கேக்குதா?"

கேட்டது. தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும். அவளுக்கு அழுகை வந்தது.

"கேக்குதுங்க மாமா."

"நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

அழகுமலை கையால் தன் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். "உங்க வயல்ல இப்ப என்ன போட்டிருக்கு?"

"மேல் தட்டுல பூண்டு, கீழ கெழங்கு."

"அந்தப் பக்கம் திரும்பி நில்லு. உம் மாமியா உன்ன அடிச்சிருக்காளா?"

"இல்லைங்க மாமா. வாய்தான்."

சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பரீட்சையில் தேறிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னபோது, ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலைச்சாமி எழுந்தான். "நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லலங்க. டாக்டரம்மாவே சொன்னாக, நரம்பு நல்லாருக்கு, உள்காது நல்லாக் கேக்குதுன்னு. பஸ்ஸுல அம்புட்டு சனம் பாத்துச்சு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

யாரோ சின்னச்சாமியை அழைத்து வந்திருந்தார்கள். செவிட்டைப் பற்றிச் செவிடரிடம் கேட்பதுதானே முறை. ஒருவர் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார். "என்னா?" என்றார். இன்னொருவர் கத்தினார். "ஆ?" கடைசியில் ஓடையைக் காட்டி, காதைக் காட்டி, கையை ஆட்டினார்கள். அவருக்குப் புரிந்தது.

"இங்கனயா? இடி விழுந்தாக்கூடத் தெரியாதுப்பா. சத்தத்துக்குள்ள காது எப்படிக் கேக்கும்? அதுனாலதான் நான் கூட்டத்துக்கே வாறதில்ல."

அழகுமலை முருகம்மாளின் அண்ணன் பக்கம் திரும்பினார். அவனுக்கு வேறு கவலை. பூண்டியில் இன்னும் கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கை ஒருத்தி இருந்தாள். "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லைங்க. செவிட்டுப் பொண்ண மறைச்சுக் கட்டிவச்சோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அவ காது நல்ல காது."

"அப்ப நடிச்சிருக்கா" என்றார் ஒருவர். "பூண்டு அம்புட்டும் அழுகிப்போகப் பாத்துகிட்டே இருந்திருக்கா."

அப்போதுதான் முருகம்மாளுக்கு விளங்கியது, இவர்கள் தேடியது வேறு என்று. கேட்கவில்லை என்பதற்காக அவளை யாரும் அங்கே நிறுத்தவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. ஓடையைப் பார்த்தாள். பஸ்ஸை நினைத்தாள். இங்கே கேட்கிறது, அங்கே கேட்டது. இன்ஜின் நின்றதும் போயிற்று. வீட்டில் எப்போதும் இல்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவானது ஒன்றுதான்.

"மாமா, சத்தம் இருக்குற எடத்துலதான் எனக்குக் கேக்குது" என்றாள். "வீட்டுல கேக்காது. மேல களத்துப் பக்கம் வந்து பேசிப் பாருங்க. அங்க தண்ணிச் சத்தம் இல்ல. அங்க எனக்குக் கேக்காது. சத்தியமாங்க."

மருத்துவ நூல் படித்தவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தப் பேச்சை அப்படியே எழுதி வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது காதிலேயே விழவில்லை. அருவி இரைச்சலுக்கு எதிராக மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தபோது, அவளுக்கு அந்த இரைச்சல் இல்லை. தன் குரல் மட்டும் தலைக்குள் உரக்கக் கேட்டது. அதனால் அவள் வீட்டில் பேசுவது போலத்தான் பேசினாள்.

"என்ன சொல்றா?" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள்.

அழகுமலை அவர்களுக்குக் கத்திச் சொன்னார். "சத்தம் இருந்தாத்தான் கேக்குமாம். சத்தமில்லேன்னா கேக்காதாம்."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. சிரிப்பு எதற்கு என்று சின்னச்சாமி பக்கத்தில் இருந்தவரை விலாவில் இடித்துக் கேட்டார்.

"களத்துக்கு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க மாமா" என்றாள் மறுபடி.

"ஊர்க்கூட்டம் எடம் மாறாதுத்தா. எங்க அப்பன் காலத்துலயும் மாறல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "உள்ளதச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. வேல செய்யப் பிடிக்கல, மாமியாளப் பிடிக்கல, ஏதோ ஒண்ணு. நடிச்சேன்னு ஒத்துக்க. உம் மாமியா கால்ல விழுந்துட்டு வீட்டுக்குப் போ."

"நடிக்கலைங்க மாமா."

அவர் மற்றவர்களோடு தலையைச் சேர்த்துப் பேசினார். ஓடை இரைச்சலுக்காக அவர்கள் உரக்கப் பேசியதால் அதுவும் அவளுக்குக் கேட்டது. பிறகு அவர் நிமிர்ந்து சொன்னார். முருகம்மாள் அண்ணனோடு பூண்டிக்குப் போக வேண்டியது. பால்குடி மறந்த பிள்ளை தகப்பன் வீட்டில் இருக்கும். அவளாக வந்து உள்ளதை ஒத்துக்கொள்ளும் நாளில் மலைச்சாமி சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை அந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.

"கேட்டுச்சாத்தா?"

"கேட்டுச்சுங்க" என்றாள்.

பொன்னுவேலைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கவில்லை. அவளுடைய துணிமூட்டையை இருளாயி முன்பே கட்டி அனுப்பியிருந்தாள்.

பூண்டிக்குப் போகும் ஒற்றையடிப்பாதை ஓடையை விட்டு விலகி மேடேறுகிறது. ஒரு வளைவு தாண்டியதும் அருவிச் சத்தத்தைப் பாறை மறைத்துவிடும். மேகம் இறங்கிக் காற்று அடங்கியிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் எதிர்மலையில் ஒருவர் இருமினால்கூடக் கேட்கும். அண்ணன் மூட்டையோடு முன்னால் வெகுதூரம் போய்விட்டான். முருகம்மாளுக்குத் தன் குதிகால் தரையில் இடிக்கும் ஒலி மட்டும் எலும்பு வழியே ஏறி வந்துகொண்டிருந்தது.

மலைச்சாமி குறுக்கு வழியாக வயல்வரப்பில் ஏறி வந்து அவளுக்குப் பின்னால் பாதையில் நின்றான். மூச்சு வாங்கியது. அவளுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மச்சான் காதில் விழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினான்.

"முருகு."

அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"முருகு, நில்லு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒத்துக்கவும் வேணாம். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். பய அழுதுகிட்டே கெடக்கான். வீட்டுக்கு வா."

அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேட்டில் ஏறினாள். அவன் இன்னும் ஒருமுறை பெயரைச் சொன்னான். அவள் அடுத்த வளைவில் மறைந்ததும் திரும்பி இறங்கினான்.

வீட்டில் இருளாயி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கலே போயிட்டு வாற?"

"கூப்பிட்டுப் பாத்தேன்" என்றான்.

"என்ன சொன்னா?"

"பக்கத்துலதான் நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் சொன்னேன்ல" என்றாள் இருளாயி. பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.